கபடிக்குக் காசு எங்கே? ஊர் கூடித் தேர் இழுப்போம்!

தஞ்சைச் சீமையில் இது பழகிப்போன காட்சி.

கல்லூரிக் கபடி அணி வெளியூர் போக வேண்டும். பஸ் செலவுக்குப் பணம் இல்லை. பனியன் கிழிந்து போயிருக்கிறது. மாணவர்கள் நான்கு பேர் கையில் ரசீதுப் புத்தகத்துடன் கடைத்தெருவுக்கு வருகிறார்கள்.

ஜவுளிக் கடைக்காரர் நூறு ரூபாய் தருகிறார். நகைக் கடைக்காரர், "முதலாளி ஊரில் இல்லை, நாளைக்கு வா தம்பி" என்கிறார். அரிசி ஆலைக்காரர் நல்லவர். ஐந்நூறு தருகிறார். ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்கிறார்:

"போன மாதம் வேறு ஒரு கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். அதற்கு முந்திய மாதம் இன்னொரு கல்லூரி. நான் எத்தனை பேருக்குத்தான் கொடுப்பேன்?"

பையன்களிடம் பதில் இல்லை. வெயிலில் அடுத்த கடைக்கு நடக்கிறார்கள்.

அரிசி ஆலைக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு உலகத்தின் ஒரு மூலையில் கோடி கோடியாகப் பணம் திரட்டுகிறார்கள். அது எப்படி என்று பார்ப்போம். அதில் நமக்கு உதவுவது எது, உதவாதது எது என்பதையும் பார்ப்போம்.

வீரத்துக்குப் பஞ்சம் இல்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது.

அறுவடை முடிந்த வயலில் கோடு கிழித்துக் கபடி ஆடும் ஊர்கள் இங்கே எத்தனையோ! மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் வடுவூரைக் கேட்டால் போதும். கோதண்டராமர் கோயிலுக்கும் பறவைகள் வரும் ஏரிக்கும் பெயர் பெற்ற ஊர் அது. கபடிக்கும் அதே அளவு பெயர் பெற்றது. 2025ஆம் ஆண்டு பஹ்ரைன் நாட்டில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் இந்தியக் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் வடுவூர் அபினேஷ் ஆடினார். தமிழக அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது.

தர்மராஜ் சேரலாதனை அறியாத கபடி ரசிகர் இல்லை. தஞ்சை மாவட்டத்துக்காரர். 2016ஆம் ஆண்டு பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து புரோ கபடிக் கோப்பையை வென்று கொடுத்தவர். அதே ஆண்டு ஆமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தவர்.

நம் மண்ணில் வீரம் விளைகிறது. பணம்தான் விளையவில்லை. என்ன காரணம்?

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது திருவிழா மாதிரி. ஒரு ஆட்டத்தைப் பார்க்க ஒரு லட்சம் பேர் கூடும் மைதானங்கள் அங்கே உண்டு.

அங்கே புட்பால் என்றால் காலால் உதைக்கும் பந்து அல்ல. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். எதிர் அணியினர் பாய்ந்து மடக்கிப் பிடிப்பார்கள். நம் கபடிக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்!

அந்தக் கல்லூரிகள் தனித்தனியாக ஆடுவது இல்லை. பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்துக்கொள்கின்றன. அதற்குக் 'கான்பரன்ஸ்' என்று பெயர். ஆண்டுதோறும் யாருடன் யார், எந்தத் தேதியில், எந்த ஊரில் ஆட வேண்டும் என்று கூட்டணியே அட்டவணை போடுகிறது.

மிகப் பழைய கூட்டணிகளில் ஒன்றின் பெயர் 'பிக் டென்'. 'பெரிய பத்து' என்று பொருள். 1896ஆம் ஆண்டு ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இதைத் தொடங்கின. இன்று அதில் 18 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆனாலும் 'பத்து' என்ற பெயர் மாறவில்லை. அந்தப் பெயருக்கு அத்தனை மதிப்பு!

பெட்டியில் கொட்டும் பணம்

இந்தக் கூட்டணிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும் பங்கு டெலிவிஷனிலிருந்து வருகிறது.

முன்பு நாடு முழுவதற்கும் ஒரே சங்கம் இருந்து, எந்த ஆட்டத்தை டெலிவிஷனில் காட்டலாம் என்று தீர்மானித்தது. கல்லூரிகளுக்கு இது பிடிக்கவில்லை. வழக்குப் போட்டன. 1984ஆம் ஆண்டு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, "அந்தக் கட்டுப்பாடு செல்லாது" என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு கல்லூரிகளும் கூட்டணிகளும் தங்கள் ஆட்டங்களைத் தாங்களே விற்கத் தொடங்கின.

தனிக் கல்லூரி போய் விலை பேசினால் கம்பெனிக்காரன் என்ன சொல்வான்? "உன்னிடம் ஆறேழு ஆட்டம்தான் இருக்கிறது. மற்ற வாரம் நான் எதைக் காட்டுவது?" என்பான். கூட்டணி போய்ப் பேசினால் அப்படிச் சொல்ல முடியாது. வாரம் தவறாமல் ஆட்டம். பல ஊர். பல லட்சம் ரசிகர்கள். கம்பெனிக்காரன் இறங்கி வருவான்.

2022ஆம் ஆண்டு 'பிக் டென்' கூட்டணி மூன்று டெலிவிஷன் கம்பெனிகளுடன் ஏழு ஆண்டு ஒப்பந்தம் செய்தது. மொத்தம் 700 கோடி டாலருக்கு மேல். ஒரு டாலர் நம் பணத்தில் 80 ரூபாய்க்கும் அதிகம். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்!

தென்கிழக்கு மாநிலங்களில் இன்னொரு கூட்டணி இருக்கிறது. 2023-24 கணக்கு ஆண்டில் அது தன் கல்லூரிகளுக்குப் பிரித்துக் கொடுத்த தொகை 80 கோடி டாலருக்கும் மேல். ஒரு கல்லூரிக்குச் சராசரி 5 கோடி டாலருக்கும் மேல் கிடைத்தது. நம் பணத்தில் 400 கோடி ரூபாய்க்கும் அதிகம்.

கடைமடைக்கும் தண்ணீர்

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் தொகை அல்ல. பங்கீடுதான்.

நமக்கு இது எளிதில் புரியும். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டிலிருந்து நமக்குத் தண்ணீர் தேக்கித் தருகிறது. நல்ல ஆண்டுகளில் ஜூன் 12ஆம் தேதி அணை திறக்கிறது. கல்லணைக்கு வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. தலைமடைக்காரர் வயல் முதலில் நனைகிறது. கடைமடைக்காரர் வானத்தையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முறை வைத்துப் பாய்ச்சினால்தான் அவருக்கும் நாற்று விட முடியும்.

பணமும் தண்ணீர் மாதிரிதான். முறை வைக்காவிட்டால் மேட்டில் இருப்பவன் வயலிலேயே நின்றுவிடும்.

அந்தத் தென்கிழக்குக் கூட்டணியில் வாண்டர்பில்ட் என்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1932ஆம் ஆண்டு கூட்டணி அமைந்தபோதே சேர்ந்தது. மாணவர் தொகையில் சிறியது. புட்பாலில் பல ஆண்டுகள் தோல்வி மேல் தோல்வி. ஆனாலும் அதை யாரும் வெளியே தள்ளவில்லை. வென்றவர்களோடு அதற்கும் பங்கு கொடுத்தார்கள்.

பலன் என்ன தெரியுமா?

2024 அக்டோபர் 5ஆம் தேதி. அலபாமா பல்கலைக்கழகம் அப்போது நாட்டிலேயே முதல் இடத்தில் இருந்த அணி. அது வாண்டர்பில்டுடன் மோதியது. "அலபாமா ஊதித் தள்ளிவிடும்" என்றார்கள். நடந்தது வேறு. 40க்கு 35 என்ற கணக்கில் வாண்டர்பில்ட் வென்றது! 1984ஆம் ஆண்டுக்குப் பிறகு அலபாமாவை அது வென்றது அதுவே முதல் தடவை.

மாணவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. மைதானத்தில் இருந்த கோல் கம்பத்தைப் பிடுங்கினார்கள். தெருத் தெருவாகத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டார்கள். கூட்டணி ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. அது வேறு கதை!

கடைமடைக்குத் தண்ணீர் போனால், என்றைக்காவது ஒரு நாள் அங்கேயும் பொன் விளையும்.

சேர்ந்ததுமே வந்த நன்கொடை

டெலிவிஷன் பணம் இல்லாவிட்டால் கூட்டணியால் பயன் இல்லையா? இருக்கிறது. அதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன்.

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகரம். அங்கே சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த குற்றத்துக்காக 1987ஆம் ஆண்டு அதன் புட்பால் அணிக்கே தடை விழுந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்த அணி தலை தூக்கவில்லை.

2023ஆம் ஆண்டு, அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டணியில் சேர அதற்கு இடம் கிடைத்தது. அதற்காகப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட நிபந்தனையைக் கேளுங்கள்: "ஒன்பது ஆண்டுகளுக்கு டெலிவிஷன் பணத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டாம்!"

பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் சேரப்போகும் செய்தி வந்ததும் பழைய மாணவர்களும் செல்வர்களும் மடி அவிழ்த்தார்கள். ஒரு வார காலத்துக்குள் 10 கோடி டாலர் நன்கொடை சேர்ந்தது. நம் பணத்தில் 800 கோடி ரூபாய்க்கும் மேல்!

அதே மைதானம். அதே பிள்ளைகள். நேற்று வராத நன்கொடை இன்று எப்படி வந்தது?

நல்ல எதிரிகளுடன் ஆடப் போகிறோம் என்ற பெருமை வந்தது. ஆண்டு முழுவதும் ஆட்டம் உண்டு என்ற உறுதி வந்தது. கொடுத்த பணம் வீணாகாது என்ற நம்பிக்கை வந்தது. இந்த மூன்றும்தான் நன்கொடையை அழைத்து வந்தன.

நம் அரிசி ஆலைக்காரருக்கும் இந்த மூன்றும்தான் வேண்டும்.

நம்மிடம் இருப்பது என்ன?

"நமக்கும் கூட்டணி இருக்கிறதே" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான்.

1925ஆம் ஆண்டிலேயே இந்தியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு வாரியம் அமைத்தன. 1973ஆம் ஆண்டு அதற்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்று பெயர் மாறியது. பல்கலைக்கழகங்களுக்கு இடையே விளையாட்டுப் போட்டிகளை அதுதான் நடத்துகிறது. தென் மண்டலம், வட மண்டலம் என்று பிரித்து ஆட வைக்கிறது. மௌலானா ஆசாத் பெயரால் 1956-57ஆம் ஆண்டிலிருந்து ஒரு கோப்பையும் உண்டு.

தஞ்சைப் பக்கத்துக் கல்லூரி மாணவன் முதலில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மற்றக் கல்லூரிகளுடன் ஆடுகிறான். நன்றாக ஆடினால் பல்கலைக்கழக அணியில் இடம். பிறகு தென் மண்டலம். பிறகு அகில இந்தியா. 2020ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிக்கும் இந்தப் படிகளில் ஏறித்தான் போக வேண்டும்.

இது நல்ல ஏணி. குறை சொல்வதற்கு இல்லை. ஆனால் ஏணி மட்டும் இருக்கிறது. உண்டியல் இல்லை!

மாணவனுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. அதைக் காட்டினால் வேலைக்கு உதவும். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் உண்டு. சரி. ஆனால் அவனை ஆட வைத்த கல்லூரிக்கு என்ன கிடைக்கிறது? அடுத்த ஆண்டும் அதே ரசீதுப் புத்தகம்தான்.

இன்னொரு குறையும் உண்டு. கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் போட்டி சில நாட்களில் முடிந்துவிடுகிறது. முதல் ஆட்டத்தில் தோற்ற அணி அன்று மாலையே மூட்டை கட்டிவிடுகிறது. ஓர் ஆட்டத்துக்காக ஓர் ஆண்டு காத்திருப்பு! ஊர்க்காரர்களுக்கு ஆட்டம் நடந்ததே தெரியாது. ஊருக்குத் தெரியாத ஆட்டத்துக்கு ஊர் எப்படிப் பணம் தரும்?

அரசு கொடுக்கவில்லையா?

கொடுக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரி மாணவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. 2024ஆம் ஆண்டு அந்தப் போட்டிகளில் கொடுத்த பரிசுத் தொகை மொத்தம் 37 கோடி ரூபாய். கேலோ இந்தியாத் திட்டத்தில் தேர்வாகும் வீரருக்கு மாதம் 10 ஆயிரம் ரூபாய் கைச்செலவுக்குக் கொடுக்கிறார்கள்.

இவை நல்ல திட்டங்கள்தான். ஆனால் இவை வென்றவனுக்குக் கொடுக்கும் பணம். வெல்லும் வரை அவனுக்குச் சோறு போடுவது யார்? முட்டியில் அடிபட்டால் கட்டுப் போடுவது யார்? ஆடிப் பழக இடம் கொடுப்பது யார்? இந்தச் செலவு கல்லூரியின் தலையிலும் பெற்றோர் தலையிலும் விழுகிறது. களத்துமேட்டு நெல்லுக்குப் பரிசு தருகிறோம். நாற்றுக்குத் தண்ணீர் விட ஏற்பாடு செய்யவில்லை.

எட்டுக் கல்லூரி, ஏழு சனிக்கிழமை

என் யோசனையைச் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. 1854ஆம் ஆண்டு தொடங்கியது. கணித மேதை ராமானுஜம் படித்த இடம். தஞ்சாவூரில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய மன்னர் சரபோஜி கல்லூரி இருக்கிறது. பூண்டியில் 1956ஆம் ஆண்டு தொடங்கிய புஷ்பம் கல்லூரி இருக்கிறது. மன்னார்குடியில் ராஜகோபாலசாமி அரசுக் கல்லூரி, திருவாரூரில் திரு.வி.க. அரசுக் கல்லூரி, தஞ்சையில் பெண்களுக்குக் குந்தவை நாச்சியார் கல்லூரி இருக்கின்றன. இன்னும் பல உண்டு.

இவற்றில் எட்டுக் கல்லூரிகள் சேரட்டும். 'காவிரிக் கூட்டணி' என்று பெயர் வைக்கட்டும். ஒவ்வொரு கல்லூரியும் மற்ற ஏழு கல்லூரிகளுடன் ஒரு தடவை ஆடட்டும். மொத்தம் 28 ஆட்டம் வரும். சனிக்கிழமைக்கு நான்கு ஆட்டம் வைத்தால் ஏழு சனிக்கிழமையில் முடிந்துவிடும். பெண்கள் அணிகளுக்கும் இதே மாதிரி அட்டவணை.

பொங்கல் கழிந்ததும் தொடங்கலாம். மழை ஓய்ந்திருக்கும். சம்பா நெல் களத்துக்கு வரும். வீடுகளில் நாலு காசு புழங்கும். பங்குனி பிறப்பதற்குள் ஆட்டங்களை முடித்துவிடலாம். பரீட்சைக்கும் இடைஞ்சல் இல்லை.

தோற்ற அணியும் ஏழு சனிக்கிழமையும் ஆடும். அதுதான் முக்கியம். தோற்றுத் தோற்றுத்தான் ஆட்டம் பழகும். சொந்த ஊரில் மூன்று நான்கு ஆட்டம் நடக்கும். அப்பா அம்மா வந்து பார்ப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். "நம்ம பிள்ளை" என்ற எண்ணம் பிறக்கும்.

ஒரே ரசீதுப் புத்தகம்

இப்போது அரிசி ஆலைக்காரரிடம் போவோம்.

எட்டுக் கல்லூரிக்கும் சேர்த்து ஒரே ரசீது. "ஐயா, நீங்கள் ஒரு தடவை கொடுத்தால் போதும். எட்டு ஊரில் உங்கள் ஆலையின் பெயர்ப் பலகை நிற்கும். 28 ஆட்டத்திலும் உங்கள் பெயரைச் சொல்வார்கள்." இப்படிச் சொன்னால் அவர் யோசிப்பாரா, மாட்டாரா?

கோயில் திருவிழாவில் மண்டகப்படி உண்டு அல்லவா? முதல் நாள் ஒரு குடும்பத்தார். இரண்டாம் நாள் வியாபாரிகள். மூன்றாம் நாள் இன்னொரு தெருக்காரர்கள். யாரும் முழுத் திருவிழாவையும் தாங்குவதில்லை. ஆளுக்கு ஒரு நாள் ஏற்கிறார்கள். திருவிழா குறைவில்லாமல் நடக்கிறது. அதே மாதிரி ஏழு சனிக்கிழமைக்கு ஏழு மண்டகப்படிக்காரர்களைப் பிடிக்க முடியாதா?

பெரிய கம்பெனிகளிடமும் போகலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வியாபாரமோ சொத்தோ உள்ள கம்பெனிகள், கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக நலக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். அந்தக் காரியங்களின் பட்டியலில் கிராம விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது!

ஆனால் கம்பெனிக்காரர்கள் வழியில் போகிற யாருக்கும் கொடுப்பதில்லை. பதிவு பெற்ற சங்கமா, கணக்கு ஒழுங்காக இருக்கிறதா, சில ஆண்டுகள் வேலை செய்த அனுபவம் உண்டா என்று பார்க்கிறார்கள். ரசீதுப் புத்தகத்துடன் நடக்கும் நான்கு பையன்களால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எட்டுக் கல்லூரிகள் சேர்ந்த ஒரு சங்கத்தால் முடியும்.

பணம் வாங்குவது மட்டும் அல்ல. செலவும் குறையும். இன்று பெரிய போட்டிகளில் கபடியை மண்ணில் ஆடுவது இல்லை. 'மேட்' என்னும் விரிப்பின் மேல் ஆடுகிறார்கள். மண்ணில் பழகிய நம் பையன் முதல் தடவை விரிப்பில் ஏறும்போது கால் தடுமாறுகிறான். விரிப்பு வாங்க லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். ஒரு கல்லூரியால் முடியாது. எட்டுப் பேர் சேர்ந்தால் முடியும். அறுவடை இயந்திரம் இன்று ஒருவர் வயல், நாளை மற்றவர் வயல் என்று போகவில்லையா? அதுபோல விரிப்பும் ஊர் ஊராகப் போகட்டும்.

"நான் ஏன் பங்கு கொடுக்க வேண்டும்?"

நல்ல அணி வைத்திருக்கும் கல்லூரிக்காரர் இப்படிக் கேட்பார். "கூட்டம் வருவது என் பிள்ளைகளைப் பார்க்க. பணத்தை எட்டாகப் பிரிக்க வேண்டுமா?"

அவருக்கு ஒரு பதில். வயலில் தலைமடைக்காரர் தனியாக விளைவித்துக்கொள்ள முடியும். கடைமடை காய்ந்தாலும் அவர் வீட்டில் நெல் இருக்கும். ஆட்டத்தில் அது நடக்காது. எதிர் அணி இல்லாமல் எந்த வீரன் கபடி பாட முடியும்? எதிரி நோஞ்சானாக இருந்தால் யார் பார்க்க வருவார்கள்? அடுத்த கல்லூரி வளர்ந்தால்தான் உங்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வரும்.

கிரிக்கெட்டைப் பாருங்கள். ஐ.பி.எல். ஆட்டங்களைக் காட்டும் உரிமை 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுகளுக்கு 48,390 கோடி ரூபாய்க்கு விலை போனது. ஒவ்வோர் அணியும் தனித்தனியாக விற்கவில்லை. கிரிக்கெட் வாரியம் மொத்தமாக விற்றது. அந்தப் பணத்தில் பெரிய பகுதி எல்லா அணிகளுக்கும் போகிறது. கடைசி இடத்தில் நின்ற அணியும் பங்கு வாங்குகிறது. மும்பைக்காரர்களும் சென்னைக்காரர்களும் இதனால் ஏழையாகிவிட்டார்களா?

என் யோசனை இது: கூட்டணிக்கு வரும் பணத்தில் முக்கால் பங்கை எட்டுக் கல்லூரிக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். கால் பங்கை வென்ற அணிகளுக்குப் பரிசாக வைக்கலாம். சமபங்கும் வேண்டும். வெற்றிக்கு மரியாதையும் வேண்டும்.

பேராசை வந்தால் பேரழிவு

அமெரிக்காவைப் பார்த்து எல்லாவற்றையும் காப்பியடிக்கச் சொல்லவில்லை. அங்கே நடந்த ஒரு பெரிய தவறையும் சொல்லியாக வேண்டும்.

மேற்குக் கடற்கரையில் 'பேக் 12' என்று ஒரு கூட்டணி இருந்தது. நூறாண்டுப் பாரம்பரியம். பக்கத்து ஊர்க் கல்லூரிகள் தலைமுறை தலைமுறையாக மோதி வந்தன. 2022ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள், அதிகப் பணம் கிடைக்கும் என்று 'பிக் டென்' பக்கம் போவதாக அறிவித்தன. மற்றவர்களும் ஒவ்வொருவராக ஓடினார்கள். 2024ஆம் ஆண்டு பார்த்தால், பன்னிரண்டில் மிஞ்சியது இரண்டே இரண்டு!

ஓடிப்போனவர்களுக்கு என்ன நேர்ந்தது? பணம் கூடியது. பயணமும் கூடியது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாணவர்கள் நியூஜெர்சி வரை போய் ஆட வேண்டும். சுமார் 4,000 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து காஷ்மீர் போவதைவிட அதிகத் தொலைவு! மைதானத்தில் ஆடுகிற பிள்ளை வகுப்பில் எப்போது உட்காருவது?

இன்னொரு அநியாயமும் நெடுங்காலம் நடந்தது. கோடி கோடியாகப் பணம் வந்தது. பயிற்சியாளர்களுக்குப் பெரும் சம்பளம் கிடைத்தது. ஓடி ஆடி எலும்பை முறித்துக்கொண்ட மாணவனுக்குப் படிப்புச் செலவுக்கு மேல் பங்கு கிடையாது. வழக்கு மேல் வழக்கு வந்தது. 2025 ஜூன் மாதம் கோர்ட்டு ஒப்புதலுடன் ஒரு சமரசம் ஏற்பட்டது. அதன் பிறகுதான் கல்லூரிகளே வீரர்களுக்கு நேராகப் பணம் கொடுக்க வழி பிறந்தது.

இந்தத் தவறுகளை நாம் செய்ய வேண்டாம். நம் கூட்டணிக்கு நான்கு கட்டளை போதும்.

ஒன்று: காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பக் கூடிய தூரத்தில் உள்ள கல்லூரிகள் மட்டும் சேர வேண்டும்.

இரண்டு: வந்த பணத்தில் முதல் செலவு ஆட்டக்காரரின் சாப்பாடு, வைத்தியம், பயணம். பந்தலும் மாலையும் பொன்னாடையும் கடைசி.

மூன்று: பெண்கள் அணிக்கும் ஆண்கள் அணிக்கும் ஒரே அளவு பணம். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டிலேயே, அரசுப் பணம் வாங்கும் கல்லூரிகள் பெண்களிடம் வேற்றுமை காட்டக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. நாம் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

நான்கு: வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் எல்லாக் கல்லூரி வாசலிலும் ஒட்ட வேண்டும். பத்து ரூபாய் கொடுத்தவரும் படித்துப் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

"விளையாட்டு விளையாட்டு என்று பையன் படிப்பைக் கோட்டை விட்டால்?" என்று பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. வயலில் உழைத்துக் கல்லூரிக்கு அனுப்புகிற தாய்க்கு அந்தக் கவலை இல்லாமல் இருக்குமா?

அதற்காகத்தான் அட்டவணை வேண்டும் என்கிறேன். இன்று எப்போது அழைப்பு வரும் என்று தெரியாது. திடீரென்று வரும். நான்கு நாள் வகுப்புப் போகும். கூட்டணி அமைந்தால் ஏழு சனிக்கிழமை என்று முன்பே தெரியும். மற்ற நாளில் புத்தகத்தை எடுக்கலாம். வகுப்புக்கு ஒழுங்காக வராதவனுக்கு அணியில் இடம் இல்லை என்று கூட்டணியே விதி செய்யலாம். அப்பா சொன்னால் கேட்காத பையன் கூட, "சனிக்கிழமை ஆட்டத்தில் இடம் இல்லை" என்றால் கேட்பான்!

தேர் நகர வேண்டும்

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்திருப்பீர்கள். மலை மாதிரி நிற்கும். ஒருவர் போய்த் தள்ளினால் அசையுமா? பத்துப் பேர் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால் நகருமா? ஒரே வடத்தை எல்லோரும் பிடித்து, ஒரே பக்கம் இழுக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பெரிய சக்கரம் உருளும்.

நம் கல்லூரிகள் இன்று ஆளுக்கு ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கின்றன. கடைக்காரரும் களைத்துப் போனார். மாணவரும் களைத்துப் போனார்.

கல்லூரி பிரின்சிபால்களே! உடற்பயிற்சி ஆசிரியர்களே! ஒரு நாள் மாலை கூடிப் பேசுங்கள். எட்டுப் பேர் வேண்டாம், நான்கு பேர் சேர்ந்தாலும் தொடங்கலாம். அமெரிக்காக்காரர்கள் ஏழு பேரில்தான் தொடங்கினார்கள்.

அடுத்த தை மாதம் அந்த நான்கு பையன்கள் ரசீதுப் புத்தகத்துடன் வெயிலில் நடக்கக் கூடாது. அந்த நேரத்தில் அவர்கள் களத்தில் இருக்க வேண்டும். அரிசி ஆலைக்காரர் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பிடி, விடாதே!" என்று அவர் கத்துவது நம் காதில் விழ வேண்டும்!